ஐந்நூறு யூனிட்டுக்குள்

அக்டோபர் 9

ரீடிங் எடுக்கிறவர் காலையிலேயே வந்துவிட்டார். அட்டையில் எழுதிக் கொடுத்தது 597 யூனிட். ஆகஸ்டில் எழுதியது 408.

இவர் கடலிலிருந்து வந்து, சோற்றில் கை வைக்காமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் துளசிங்கம் அஞ்சாவதுதான் படித்தார் என்றாலும் நம்பர் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்றிவிட முடியாது. “ஐந்நூறத் தாண்டிச்சா ரேட்டே வேற. ரெண்டு மாசத்துல இன்னா புச்சா வந்துச்சு இந்த வூட்டுல? உன் பொட்டிதான் வந்துச்சு,” என்றார்.

பொட்டி என்றால் என் ஃப்ரீசர். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி வாங்கினேன். பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பொம்பளைகளிடம் இறாலும் நண்டும் எடுத்து அதில் போடுகிறேன். பெட்டி இல்லாத காலத்தில் ஐஸ் கரைவதற்குள் வியாபாரி மாசிலாமணி சொல்கிற விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அவனும் அது தெரிந்துதான் மெதுவாக டீ குடித்துவிட்டு வருவான். இப்போது விலை பிடிக்கவில்லை என்றால் மூடியைச் சாத்திவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம். லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்படி ஒருத்தி நான்தான். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. இவர் படகு மீன் மட்டும் இன்னும் கரையிலேயே அவன் சொன்ன விலைக்குப் போகிறது. அதில் நான் வாய் திறக்க முடியாது. படகு ஆம்பிளைகள் சமாச்சாரமாம்.

“அடுத்த ரீடிங்கு டிசம்பர் ஒம்போது. அதுலயும் ஐந்நூறத் தாண்டிச்சுன்னா பொட்டிய பொன்னேரில வித்துருவேன். பேச்சே கெடையாது.”

நானும் “சரி” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 10

இன்று முதல் தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதப் போகிறேன். நேற்றிலிருந்து இன்றைக்கு 10. அறுபத்தோரு நாள் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. நேற்று சாயங்காலம் மழை; அதையும் இப்படியே முந்தின நாள் கணக்கில் கூடவே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 11

10. மழை. காயப் போட்ட நெத்திலியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தேன். பாதி மணலோடு வந்தது.

அக்டோபர் 12

8. மழை இல்லை.

அக்டோபர் 13

10. மழை. நான் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டர் பார்ப்பதை இளவரசி கவனித்துவிட்டாள். காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “ஈ.பி. இன்ஸ்பெக்டரம்மா, போய்ட்டு வரேன்,” என்று கும்பிட்டுவிட்டுப் போகிறாள். பெற்ற மகள்.

அக்டோபர் 14

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். கை பரபரக்கிறது எழுத.

பதினோரு மணிக்குக் கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் வந்தது. எல்லா ஸ்விட்சையும் அணைத்து வைத்திருந்தேன். ஹால் ஃபேனை மட்டும் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தால், அதில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் கண் சிமிட்டுகிறது. கொஞ்சம் விட்டு மறுபடி. இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது, ஏதோ அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ரூம் ஃபேனையும் போட்டேன். சிமிட்டல் சீக்கிரம் சீக்கிரமாக வந்தது. இன்னொன்று போட்டேன். இன்னும் சீக்கிரம். அணைத்தேன். மெதுவாகிவிட்டது.

அப்படியென்றால் எது எவ்வளவு தின்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை.

அக்டோபர் 15

இவர் கடலில், இவள் காலேஜில். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். போனில் மணி வைத்துக்கொண்டு முதலில் ஒரு ஃபேன் மட்டும், ஒரு மணி நேரம். பத்துப் பத்தாக எண்ணி, பத்து சேர்ந்ததும் ஒரு சிப்பியை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். பக்கத்து வீட்டு சத்யா தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்று, “இன்னாக்கா, மீட்டருக்குப் பூஜையா?” என்றாள். பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும். கையைக் காட்டிப் போகச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஃபேன்: 241.

அடுத்து ஃபேனை நிறுத்திவிட்டு ஃப்ரீசர் மட்டும், ஒரு மணி நேரம். அதன் மோட்டார் ஓடும்போது சிமிட்டல் வேகமாகத்தான் வந்தது. என் நெஞ்சும் கூடவே அடித்தது. பிறகு மோட்டார் நின்றது. லைட்டும் சும்மா இருந்தது. நான் காத்திருந்தேன். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

ஃப்ரீசர்: 203.

ஒரு முழு ஃப்ரீசரை விட ஒரு ஒற்றை ஃபேன் அதிகம் தின்கிறது. ஃப்ரீசர் கொஞ்சம் ஓய்வு எடுக்கிறது, ஃபேன் எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் நாலு ஃபேன்.

கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் எழுந்ததும் ஃப்ரீசரைத் துணி எடுத்துத் துடைத்தேன். நல்ல பெண்ணைப் போய்த் திட்டினார்களே.

அக்டோபர் 16

சொல்லிவிட்டேன். எங்கே சொன்னேன் என்பதுதான் கொஞ்சம் சரியில்லை.

இவர் வலையில் இறால் எடுத்துக்கொண்டிருந்தார். கூட நாலு படகுக்காரர்கள். வீட்டுக்கு வரட்டும் என்று இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கரைக்கே போய், “என் பொட்டி இல்ல. உன் ஃபேனுதான் திங்குது. பகல் பூரா ஃபுல் ஸ்பீடுல வெச்சிக்கினு தூங்கறியே, அதான். நான் எண்ணிப் பாத்துட்டேன்,” என்றேன்.

ஒருத்தர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. “ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போயிட்டு வர்றவன் காத்து இல்லாமப் படுக்கணுமா?” என்று மட்டும் கேட்டார். குரல் ஏறவில்லை.

நான் சொன்னது உண்மை. எண்ணியது நான். பின்னே எதற்கு வீட்டுக்கு வரும்போது நடை தளர்ந்தது?

அக்டோபர் 17

10. மழை. ரெகுலேட்டரை இரண்டில் வைத்து எண்ணினேன். எங்களுடையது பழைய பெட்டி ரெகுலேட்டர். காற்று பாதியாகிறது, சிமிட்டல் பாதியாகவில்லை. மிச்சம் அந்தப் பெட்டி சூடாவதில் போகிறது போல. தொட்டால் சுடுகிறது.

அக்டோபர் 19

7. வெயில். மூன்று நாளாக இவர் மத்தியானம் வீட்டில் படுப்பதில்லை. சாப்பிடுகிறார், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். படகு நிழலில் மணலில் படுக்கிறாராம். தூறினால் வலைக் கூடம். “வெளிலதான் காத்து நல்லாக் கீது,” என்கிறார். ஈ மொய்க்காதா அங்கே? கேட்கவில்லை. அவர் வீம்பு அவருக்கு.

அக்டோபர் 21

பழவேற்காடு கடைத்தெருவில் அப்துல் ஹை பாய் கடைக்குப் போனேன். சிமிட்டல் கதையைச் சொன்னேன். மனுஷன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். “மீட்டர்ல 3200னு போட்டிருக்கும் பாருங்க. 3200 வாட்டி சிமிட்டுனா ஒரு யூனிட்டு. இதெ நீங்களா கண்டுபுடிச்சீங்க?” என்றார்.

நானாகத்தான்.

“நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல கீறேன். ஒருத்தரும் வந்து இத்தினி சிமிட்டுச்சுனு சொன்னதில்ல.” எனக்குக் காது வரை சூடாகிவிட்டது.

அவர்தான் பி.எல்.டி.சி ஃபேன் காட்டினார். பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட், இது இருபத்தெட்டு. ரெகுலேட்டர் கிடையாது, ரிமோட். “உப்புக் காத்துல பழைய ஃபேனோட பேரிங் சீக்கிரம் போயிடுது, அதுவும் இழுக்கும்,” என்றார். நண்டு விற்ற காசில் ஒன்று வாங்கிவிட்டேன். சாயங்காலம் ஆள் அனுப்பி ஹாலில் மாட்டிக் கொடுத்தார். கழற்றிய பழைய ஃபேனின் இறக்கையில் உப்பும் தூசியும் அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது.

அக்டோபர் 22

எண்ணினேன். ஒரு மணி நேரத்துக்கு 92. ஃபுல் ஸ்பீடில்.

மறுபடி எண்ணினேன், நம்பாமல். 92.

இளவரசியை உட்கார வைத்து எண்ணச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிட்டாள். ஆனால் காலேஜில் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். “எங்கம்மா ஒரு ஃபேன வெச்சே எது கரண்ட திங்குதுனு கண்டுபுடிச்சுட்டாங்க”னு. இன்ஸ்பெக்டர் பட்டம் கேலி இல்லை போல.

அக்டோபர் 25

ரிமோட்டைக் காணோம். அரிசிப் பானைக்குள் வரை தேடிவிட்டேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது இவர் அதை எடுத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பேசாமல் இருந்தாலும் ஆசை விடவில்லை. கூட்டினார், குறைத்தார், நிறுத்தினார். அப்புறம் பீடிக்கட்டு வைக்கிற பழக்கத்தில் லுங்கி மடியில் செருகிக்கொண்டு படுத்து, இரண்டு மணிக்கு எழுந்து அப்படியே கடலுக்குப் போய்விட்டார். முகத்துவாரம் தாண்டும்போது குனிந்திருக்கிறார். பொளக்கென்று சத்தம் கேட்டதாம்.

“மீனு ஏதோ துள்ளுச்சுனு நெனச்சேன்,” என்றார். ஒன்பது நாளில் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

அக்டோபர் 27

நேற்று பாய் வேறு ரிமோட் கொடுத்தார். கடலில் விழுந்த கதையைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்று காலையில் பார்த்தால் புது ரிமோட்டில் வலை நூலால் ஒரு மிதப்புக் கட்டை கட்டியிருக்கிறது. இவர் வேலை. விழுந்தால் மிதக்குமாம். கட்டை ரிமோட்டை விடப் பெரிது, இனி எந்த மடியிலும் நுழையாது. ஆனால் படுக்க வீட்டுக்கு வரவில்லை.

அக்டோபர் 28

9. மழை.

அக்டோபர் 29

9. மழை.

ஏன்? ஹாலில் புது ஃபேன். இவர் வீட்டிலேயே இல்லை. இன்னும் ஏன் ஒன்பது? இப்படியே போனால் டிசம்பரில் ஐந்நூற்றைம்பது. என் பெட்டி போய்விடும். எல்லார் முன்னாலும் கத்தினேனே, அந்த முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்.

அக்டோபர் 30

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். இங்கேயும் எழுதாவிட்டால் வேறு எங்கே சொல்வேன்.

இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். 10 மழை. 10 மழை. 8 மழை இல்லை. 10 மழை. 7 வெயில். 9 மழை. ஒரு நாள் கூடத் தப்பவில்லை. மழைக்கும் மீட்டருக்கும் இன்னா சம்பந்தம் என்று உட்கார்ந்து யோசித்தேன். மழை பெய்தால் ஃபேன் குறையத்தானே வேண்டும்.

அப்புறம் தலையை நிமிர்த்தினேன். முன் தாழ்வாரத்தில் பாய் மேல் நெத்திலி. ஹாலில் ஓரமாகப் பாய் மேல் நெத்திலி. மேலே இரண்டு ஃபேனும் ஓடுகிறது. யாரும் இல்லாத வீட்டில்.

மழை வந்தால் கருவாட்டை உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்குக் கீழே காய வைப்பது குப்பத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ராத்திரி பூரா போட்டால்தான் புழு வைக்காது. மழைக்காலத்தில் அது ஒரு வேலையாகவே தோன்றாது. நான் இந்த வருஷம் ஃப்ரீசர் வந்த தைரியத்தில் மீன் கூடுதலாக எடுத்தேன். இறால் எல்லாம் பெட்டிக்குள், நெத்திலி எல்லாம் பாய் மேல். ஆவணியிலிருந்து அனேகமாகத் தினமும் சாயங்கால மழை. தினமும் இரண்டு ஃபேன், பன்னிரண்டு மணி நேரம்.

கணக்குப் போட்டேன். இரண்டு மாசத்துக்கு நூற்றுப் பத்து யூனிட் கிட்ட வருகிறது. ஃப்ரீசரே அவ்வளவு இல்லை. ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஏறியது அப்படியே நிற்கிறது, ஃப்ரீசர் கொஞ்சம், என் கருவாடு அதை விட அதிகம்.

இவர் பகல் தூக்கம் போன வருஷமும் இருந்தது. அதனால் எதுவும் ஏறவில்லை.

அக்டோபர் 31

சொல்லவில்லை.

நவம்பர் 1

இன்றும் சொல்லவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு போனார். “இருங்க”னு வாய் வரை வந்தது.

நான் யாரிடமும் தப்பு என்று ஒப்புக்கொண்டு பழக்கம் இல்லாதவள். அது என் குணம், எனக்கே தெரியும். ஆனால் இது என்ன குணம்? ஒரு மனுஷனை வீட்டை விட்டு மணலில் படுக்க வைக்கிற குணம்?

நவம்பர் 2

மத்தியானம் ஒரு சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

படகு நிழல் நகர்ந்துபோயிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெயிலில் கிடந்தது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கவும் இல்லாமல் முழிக்கவும் இல்லாமல் கிடந்தார். கால் விரலில் ஈ. எத்தனை நாள்? பதினேழு நாள். இந்த மனுஷன் பதினேழு நாளாக இப்படிப் படுத்து, ரெண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறான். நான் வீட்டில் உட்கார்ந்து சிமிட்டல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பாவி நான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யோவ், ஒண்ணு சொல்லணும்யா.”

“சொல்லு.” துண்டை எடுக்கவில்லை.

“கரண்டு ஏறினது உன்னால இல்ல. கருவாடு காயறதுக்கு ராத்திரி பூரா ரெண்டு ஃபேன் போட்டேனே, அதால. டைரில எழுதி வெச்சத பாத்தேன். மழை வந்த அன்னிக்கெல்லாம் ஏறிக்கீது.”

பிறகு துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் இத்தினி நாளா மணல்ல படுத்தது நெத்திலிக்காவா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “மழைல கடலுக்குப் போயிட்டு வந்து ஹால்ல படுக்கசொல்ல, ஃபேனு சில்லுனு ஓடிக்கினு இருக்கும். பொண்டாட்டி நமக்குனு போட்டு வெச்சிக்கிறானு நெனச்சிக்கினு படுப்பேன். அது நெத்திலிக்குப் போட்டதா?”

நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. கரையில் எல்லார் முன்னாலும் கத்தினது தப்பு என்று மட்டும் சொன்னேன். அது போதும் என்பது போலத் தலையை ஆட்டினார். பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “ஆனா ஒம்போதாந் தேதி பேச்சு பேச்சுதான். ஐந்நூறு,” என்றார்.

சரிதான். எனக்கும் பிச்சையாக வேண்டாம். வீட்டுக்கு வந்து நாலரை மணி வரை தூங்கினார். நானே ஃபேனைப் போட்டேன், அவருக்கு.

நவம்பர் 3

இன்றைய ரீடிங்கோடு சேர்த்து 234 ஓடியிருக்கிறது. மிச்சம் முப்பத்தாறு நாளுக்கு 266. மழைக்காலம் இனிதான் உச்சம்.

நெத்திலியை என்ன செய்வது? எடுக்காமல் விட மனசில்லை. ராத்திரி யோசித்து ஒன்று தோன்றியது. மழை நாளில் வருகிற நெத்திலியைக் கழுவி, உப்புப் போட்டு, ஃப்ரீசரிலேயே வைத்துவிட்டால்? வெயில் அடிக்கிற அன்றைக்கு எடுத்து மணலில் வலை விரித்துக் காய வைக்கலாம். சத்யாவிடம் சொன்னேன். “நெத்திலிக்கு ஐஸ் பொட்டியாக்கா? அது இன்னா வஞ்சிரமா?” என்று கேட்டாள். இறாலுக்கு வாங்கிய பெட்டியில் நெத்திலியை வைக்க எனக்கும் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. அந்த கௌரவம்தான் நூறு யூனிட் தின்றது.

நவம்பர் 4

நெத்திலியோடு ஃப்ரீசரை எண்ணினேன். 231. ராத்திரி இரண்டு ஃபேனைப் போடுவதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

நவம்பர் 6

7. மழை.

நவம்பர் 7

வெயில். அடிக்கிறது என்றால் சுள்ளென்று. மூன்று நாள் நெத்திலியை வெளியே எடுத்து விரித்தேன். சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது. ஃபேனில் காய்ந்ததுக்கு ஒரு புழுங்கிய வாசம் இருக்கும், இதில் இல்லை. வெள்ளி மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள்ளும் நாற்றம் இல்லை என்று இளவரசி சொன்னாள். இத்தனை நாள் சொல்லாமல் எப்படி இருந்தாள்?

நவம்பர் 9

இரண்டு ரூமுக்கும் புது ஃபேன். முதல் தரம் வெயிலில் காய்ந்த கருவாடு முழுதும் அதற்கே போனது. தாழ்வாரத்துப் பழைய ஃபேன் மட்டும் இருக்கிறது. அதைப் போடுவதற்கு இனி காரணமே இல்லை. இந்த முறை இவரே பாய் கடைக்கு வந்தார். பாய் என்னைக் காட்டி, “உங்க வூட்டம்மா மாதிரி பத்துப் பேரு இருந்தா நான் கடைய மூடிட்டு வாத்தியார் வேல பாக்கலாம்,” என்றார். ஃபேன் பெட்டிகளை இவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் கேட்டபோது, “இருவத்தெட்டு வாட்டுதான்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று பேரிடம் சொன்னார். நானும் எண்ணினேன்.

நவம்பர் 13

6. மழை.

மழை என்று எழுதி 6 என்று எழுதுகிறேன்.

நவம்பர் 20

6. நல்ல மழை. இரண்டு நாளாகப் படகு போகவில்லை. மூன்று பேரும் வீட்டிலேயே. கொசு தாங்காமல் ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, யாரும் யாரையும் அணைக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 26

புயல் கரையைத் தொடாமல் போய்விட்டது. ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரைத் திறக்காமல் மேலே ஈரச் சாக்குகளைப் போட்டு மூடி வைத்தேன். இறால் கல்லு மாதிரி அப்படியே இருக்கிறது.

இந்த ஒன்றரை நாளில் மிச்சமானதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒன்பது யூனிட்டைக் கூட்டியே கணக்கில் வைத்திருக்கிறேன். புயல் வந்ததால் ஜெயித்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

டிசம்பர் 3

எழுத விட்டுப்போனது ஒன்று: போன மாசம் பத்தாம் தேதியே சத்யா வந்தாள். “அக்கா, எங்க வூட்டு மீட்டரையும் ஒரு வாட்டி பாக்கறியா?” என்றாள். பூஜை என்று கேலி பண்ணினதை ஞாபகப்படுத்தலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன். அவள் வீட்டிலும் ஹாலில் நெத்திலி, மேலே ஃபேன். கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து எண்ணினேன். அவளையும் எண்ண வைத்தேன். ஒரு மணி நேரம் முடிந்ததும் தாவிப் போய் ஃபேனை அணைத்தாள்.

அவள் மூலமாக இன்னும் நாலு வீட்டில் கூப்பிட்டார்கள். போனேன். எல்லா வீட்டிலும் அதே நெத்திலி, அதே ஃபேன்.

டிசம்பர் 8

நாளைக்கு. நானே கூட்டி வைத்திருக்கிறேன், 455 வருகிறது. புயல் நாளையும் சேர்த்தால் 464. ஆனாலும் மூன்றாவது தடவையாகக் கூட்டிப் பார்க்கிறேன். மீட்டர் நம்பரில் ஒரு நூறைத் தப்பாகப் படித்திருந்தால்?

டிசம்பர் 9

461.

ரீடிங்காரர் எழுதும்போதே எட்டிப் பார்த்துவிட்டேன். நேற்றிலிருந்து இன்றைக்கு 6. புயலைக் கூட்டினாலும் 470. மழைக்காலத்தில், ஃப்ரீசரோடு, நெத்திலியோடு. போன தடவையை விட நூற்று முப்பத்தாறு குறைவு. “இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தீங்களா? இந்தத் தெருவுலயே ஆறு வூட்டுல கொறஞ்சிருக்குதே,” என்றார். எங்கேயும் போகவில்லை என்றேன். ஆறு வீடு. நான் உட்கார்ந்து எண்ணின ஆறு வீடு.

அட்டையை இவர் வரும் வழியில் தெரிகிற மாதிரி டி.வி. மேல் வைத்தேன். வந்தார். பார்த்தார். கையைத் துடைத்துவிட்டு எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். “சரி,” என்றார். நான் அன்றைக்குச் சொன்ன அதே சரி. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

அவ்வளவுதான். ஃப்ரீசர் இருக்கிறது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது, யாரும் பார்க்காத சமையல்கட்டில்.

ஜனவரி 8

காலையில் அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன், குழம்புக்குக் கொஞ்சம் மீன் எடுக்க. இவர் படகு அப்போதுதான் ஏறியிருந்தது. நல்ல வெள்ளை இறால், கையளவு, ஒரு பெட்டி நிறைய. இந்தப் பருவத்தில் இப்படி வந்ததில்லை.

மாசிலாமணி நின்றுகொண்டிருந்தான். விலை சொன்னான். மற்றப் படகுக்காரர்கள் ஒவ்வொருத்தராகத் தலையாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இவர் குனிந்து வலையிலிருந்து கடைசி இறாலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“துளசி அண்ணே, உன்னுது?”

“என்னாண்ட கேக்காத. என் வூட்டுக்காரி நிக்குறா பாரு, கேளு. அவ பொட்டில எடம் கீதா, இன்னிக்குக் குடுக்கறாளா, வெக்கிறாளா, அவதான் சொல்லணும்.”

ஆறேழு ஆம்பிளைகள் இருந்தார்கள். அன்றைக்கு நான் கத்தினபோது சிரித்தவரும் இருந்தார். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மாசிலாமணி திரும்பினான். இருபது வருஷமாக இந்தக் கரையில் நான் நிற்கிறேன். படகு மீனுக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, “இன்னாக்கா, இன்னா சொல்ற?” என்று கேட்டான்.

எடம் கீது, அந்த விலைக்கு இல்லை, ரெண்டு நாள் கழிச்சு வா என்றேன். குரல் நடுங்கியிருக்கும், பரவாயில்லை.

இவர் இறால் பெட்டியின் ஒரு காதைப் பிடித்தார். நான் மறு காதைப் பிடித்தேன். வீட்டுக்கு நடந்தோம்.